முகப்பவுடர்: பொலிவுக்காக எதைப் பூசலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?



பெண்கள் பயானுக்குப் போகும்போது கேள்விகள் துண்டுச் சீட்டில் எழுதி வருவது வழக்கம். அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்த பயானில் வந்த சீட்டுகளைப் பிரித்தபோது நான்கு சீட்டுகள் முகத்தைப் பற்றியே இருந்தன. பவுடர் பூசிய முகத்தோடு உளூச் செய்தால் கூடுமா? நிகாஹ் அன்று மேக்கப் போட்ட பெண் லுஹரும் அஸரும் எப்படித் தொழுவது? பவுடரில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களாமே, உண்மையா? நான்காவது சீட்டைத்தான் நாம் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தோம்: "என் மகள் கறுப்பு. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். எதைப் பூசினால் நிறமாகத் தெரிவாள்?"

முதல் மூன்றுக்கும் அங்கேயே பதில் சொல்லிவிட்டோம். நான்காவதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் நான்கையும் சேர்த்து, பவுடர் என்ற பொருளைப் பற்றியே விரிவாக எழுதுகிறோம். வீட்டிலுள்ள ஆண்களும் படிக்கலாம். நம் ஊரில் ஜும்ஆவுக்குப் புறப்படும்போது கழுத்திலும் முகத்திலும் பவுடர் அடித்துக்கொள்ளாத ஆண்கள் குறைவு!

ஊர் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுவோம். அஸ்தினாபுரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் குரோம்பேட்டை. குரோம் முறையில் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. அடுத்துள்ள பல்லாவரத்தில் 'பாண்ட்ஸ் சிக்னல்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இயங்கிய பாண்ட்ஸ் தொழிற்சாலை கொடுத்த பெயர். ஆக, ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பதனிட்ட இடத்திற்குப் பக்கத்திலேயே மனிதத் தோலுக்கான பவுடர் கம்பெனியும் இருந்திருக்கிறது. பேருந்தில் தினமும் இந்த இரண்டு பெயர்களையும் கேட்டுக்கொண்டே போகிற நாம், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

டப்பாவுக்குள் இருப்பது கல்

பவுடரின் பெரும்பகுதி 'டால்க்' என்னும் கனிமம். மக்னீசியம், சிலிக்கா, நீர் மூன்றும் சேர்ந்த கல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதற்கு இடம் 1. உலகிலேயே மிக மென்மையான கனிமம், நகத்தால் கீறினாலே கோடு விழும். நம் வீடுகளில் பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த கற்சட்டி மாக்கல்லால் ஆனது. அந்த மாக்கல்லில் இருப்பதும் பெரும்பாலும் இதே டால்க்தான். தையல்காரர் துணியில் கோடு போடும் கட்டியிலும் இது உண்டு. இந்தியாவில் டால்க் அதிகம் வெட்டி எடுக்கப்படுவது ராஜஸ்தானில்.

டால்க் தகடு தகடாக வழுக்கும் தன்மையுள்ளது. பவுடர் முகத்தில் மெத்தென்று பரவுவது அதனால்தான். ஆனால் டால்க் மட்டும் இருந்தால் அது முகத்தில் நிற்காது, நிறத்தையும் மறைக்காது. எனவே வேறு சிலவும் சேர்க்கிறார்கள். எண்ணெயையும் வியர்வையையும் உறிஞ்ச கயோலின் என்னும் வெள்ளைக் களிமண், சோள மாவு அல்லது அரிசி மாவு. தோலில் ஒட்டி நிற்க ஜிங்க் ஸ்டியரேட் அல்லது மக்னீசியம் ஸ்டியரேட். மறைப்பதற்கு டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு. தோலின் நிறத்தோடு பொருந்த மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். கடைசியாக வாசனை.

உடம்புக்குப் போடும் டால்கம் பவுடரும் முகத்துக்கான பவுடரும் ஒன்றல்ல. உடம்புப் பவுடரில் நிறமிகள் இல்லை, அது வெள்ளை. முகத்துக்கான பவுடரில்தான் தோல் நிறத்துக்கு ஏற்ற நிறமிகள் இருக்கும். அதை அச்சில் வைத்து அழுத்திக் கண்ணாடி வைத்த டப்பாவில் தருவது காம்பாக்ட். நிறமே தெரியாமல் எண்ணெய்ப் பசையை மட்டும் அடக்குவது டிரான்ஸ்லூசன்ட் பவுடர். நம் வீடுகளில் பெரும்பாலும் முதல் வகையைத்தான் முகத்துக்கும் அடிக்கிறார்கள். மாநிறப் பெண்ணின் முகம் சாம்பல் பூத்தது போலவும் கழுத்து வேறு நிறமாகவும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்னோ போட்டு, பவுடர் போட்டு...

முந்தைய தலைமுறை 'ஸ்னோ பவுடர்' என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. அதில் விவரம் இருந்தது. ஸ்னோ என்பது ஸ்டியரிக் அமிலத்தில் செய்த, பூசியதும் மறைந்துபோகும் க்ரீம். அதன் மெல்லிய படலத்தின் மேல் பவுடர் அடித்தால் பவுடர் உதிராமல் நிற்கும். இந்தியாவில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் மும்பையின் இப்ராஹீம் சுல்தான்அலீ பட்டன்வாலாவுக்குப் பெரிய பங்குண்டு. ராஜஸ்தானிலிருந்து பிழைப்புக்காக மும்பை வந்த அவர் 1919-இல் தொடங்கிய 'அஃப்கான் ஸ்னோ' வெள்ளைக்கார கம்பெனிகளோடு போட்டியிட்டு விற்ற இந்தியப் பொருள்.

இன்னும் பின்னால் போனால், கொர்டோபா மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ நினைவுக்கு வருகிறார். அறுவை மருத்துவத்தின் முன்னோடி என்று உலகம் அவரைச் சொல்கிறது. முப்பது பாகங்கள் கொண்ட அவருடைய 'அத்தஸ்ரீஃப்' நூலில் பத்தொன்பதாம் பாகம் அலங்காரப் பொருட்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. தோல், முடி, பல், வாசனை ஆகியவற்றைப் பராமரிப்பதையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே அவர் கண்டார். அதே கண்டத்தில் பிற்காலத்தில் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் காலத்துப் பெருங்குடும்பத்துப் பெண்கள் வெள்ளை ஈயத்தை முகத்தில் அப்பிக்கொண்டார்கள். ஈயம் தோலை அரித்தது. அரித்த இடத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் ஈயம் பூசினார்கள்.

அதற்கும் முன்னால், நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பெண்கள் முகத்தில் வரும் மங்குக்காக 'வர்ஸ்' என்னும் யமன் நாட்டு மஞ்சள் மூலிகையைப் பூசிக்கொண்டதை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பிரசவத் தீட்டு பற்றிய பாடத்தில் இந்தச் செய்தி இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணின் முகத்தில் மங்கு வருவதும், அதற்கு அவள் ஏதாவது பூசுவதும் அன்றே வெட்கப்பட வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

பொலிவாகத் தெரிய எப்படிப் பூசுவது?

பொலிவு வேறு, வெளுப்பு வேறு. முகத்தில் ஒளி சீராகப் பட்டுத் திரும்பினால் அது பொலிவு. அங்கங்கே எண்ணெய் வழிந்தாலும், தோல் வறண்டு செதில் செதிலாக இருந்தாலும் ஒளி சிதறும். முகம் களைத்துத் தெரியும். பவுடர் செய்யும் வேலை இந்தச் சிதறலைச் சமப்படுத்துவது மட்டுமே. அது தோலின் நிறத்தை மாற்றாது.

சென்னையின் தென்புறத்தில் வெயிலைவிடப் புழுக்கம் பெரிய தொல்லை. கத்திரி மாதத்தில் காலை பத்து மணிக்கே நெற்றி நனைந்துவிடும். நனைந்த முகத்தின் மேல் பவுடர் அடித்தால் அது மாவு பிசைந்தது போல் திரளும். ஆகவே முதலில் முகத்தைக் கழுவித் துடையுங்கள். மாய்ஸ்சரைசர் அல்லது வெயில் காப்பு க்ரீம் பூசி, அது தோலில் இறங்க ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு பஞ்சில் கொஞ்சம் பவுடர் எடுத்து, டப்பாவின் விளிம்பில் தட்டி உதிர்த்துவிட்டு, முகத்தில் ஒற்றி ஒற்றி அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். தேய்த்தால் கீழே இருக்கும் க்ரீமும் சேர்ந்து திட்டுத் திட்டாகும். நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில்தான் எண்ணெய் அதிகம் சுரக்கும். பவுடரும் அங்கேதான் அதிகம் தேவை. கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் மிகக் குறைவாக. வயதானவர்கள் கண்ணோரச் சுருக்கத்தில் பவுடர் அடித்தால் சுருக்கம் கோடு போட்டது போல் இன்னும் எடுப்பாகத் தெரியும். கடைசியில் மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரு முறை வருடி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள்.

மதியம் மீண்டும் பூச வேண்டுமென்றால் முதலில் டிஷ்யூவால் வியர்வையையும் எண்ணெயையும் ஒற்றி எடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. எண்ணெயில் ஊறிய பவுடர் நிறம் மங்கும். அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போட்டால் மாலையில் முகம் சேறு காய்ந்தது போலாகும்.

நிறம் தேர்வு செய்யும்போது கடைக்காரர் உங்கள் கை மேல் பூசிக் காட்டுவார். கையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றல்ல. தாடையின் ஓரத்தில், கழுத்து தொடங்கும் இடத்தில் கொஞ்சம் பூசி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். பூசிய இடம் எது என்று தெரியாமல் போனால் அதுவே உங்கள் நிறம். நம் தோலில் மஞ்சள் சாயல் அதிகம். எனவே ரோஸ் கலந்த பவுடரைவிட மஞ்சள் கலந்த பவுடர் பொருந்தும். தமிழ்நாட்டுக் கடைகளில் சந்தன நிறப் பவுடர்கள் இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்கு வாசனை மட்டும் காரணமல்ல என்பது நம் எண்ணம்.

கல்யாண ஆல்பங்களில் சிலருடைய முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டைட்டானியம், ஜிங்க், சிலிக்கா அதிகமுள்ள பவுடர் ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்புவதால் வருவது அது. நிகாஹுக்கு முந்தைய நாள் வீட்டிலேயே செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டால் போதும்.

மினுமினுப்பு வேண்டுமென்று 'ஷிம்மர்' வாங்குகிறார்கள். அந்த மினுக்கம் பெரும்பாலும் மைக்கா என்னும் அபிரகம். ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களின் அபிரகக் குவாரிகளில் சிறு பிள்ளைகள் வேலை செய்வதும் சுரங்கம் சரிந்து இறப்பதும் 2016-இல் உலகச் செய்தியானது. அதன் பிறகு சில கம்பெனிகள் ஆய்வகத்தில் செய்த செயற்கை அபிரகத்துக்கு மாறின. வாங்கும்போது நினைவில் வைக்கலாம்.

பஞ்சை வாரம் ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கல்யாண வீட்டில் ஒரே பஞ்சை ஒன்பது பேர் எடுப்பது அன்பின் அடையாளமல்ல. கண் நோய் அப்படியும் பரவுகிறது. இரவில் பவுடரோடு தூங்க வேண்டாம்.

குழந்தைக்கும் மறைவிடத்துக்கும் வேண்டாம்

டால்க் கிடைக்கும் பாறைகளிலேயே சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் உண்டாக்குவது என்பதில் ஐயமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத டால்க்கையும் கூட, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024 ஜூலையில் 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்னும் 2ஏ பிரிவில் சேர்த்தது. மனிதர்களிடம் கிடைத்த சான்று குறைந்த அளவிலானது; அது கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சூலகப் புற்றுநோய் பற்றியது, மறைவிடங்களில் டால்க் பயன்படுத்திய பெண்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தது. முகத்தில் கொஞ்சம் பூசுவதைப் பற்றியதல்ல. எனவே பயந்து டப்பாவைக் குப்பையில் போட வேண்டியதில்லை. ஆனால் மறைவிடங்களில் பவுடர் போடும் பழக்கம் உள்ள சகோதரிகள் இன்றே நிறுத்திக்கொள்வது நல்லது.

குழந்தைக்குக் குளிப்பாட்டியதும் முகம் வெளுக்கப் பவுடர் அடித்துக் கொஞ்சுவது நம் வழக்கம். அந்தத் தூள் மூச்சில் போய் நுரையீரலில் தங்கும் என்பதால் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி டால்க் கலந்த குழந்தைப் பவுடரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 2020-இலும், உலகம் முழுவதும் 2023-இலும் நிறுத்திச் சோள மாவுக்கு மாறிவிட்டது. சோள மாவும் மூச்சில் போகக் கூடாதுதான். பாட்டிமாரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல, நாமும் முயன்று பார்த்திருக்கிறோம்.

வெளுக்க வைக்கும் க்ரீம்

இனி அந்த நான்காவது சீட்டு. பயான் முடிந்ததும் அந்தத் தாய் தயங்கித் தயங்கி வந்து பேசினார். மகள் ஏற்கெனவே சில மாதங்களாக ஒரு க்ரீம் பூசுகிறாளாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்தது. முதல் மாதத்திலேயே நல்ல நிறம் வந்துவிட்டது, நிறுத்தினால் முன்பைவிடக் கறுக்கிறது, முகம் எரிகிறது என்றார். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். ஒன்றும் எழுதவில்லை என்றார்.

பவுடரால் இப்படி நிறம் வராது. சில வாரங்களில் நிறம் வருகிறது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, ஸ்டீராய்டு. மற்றொன்று, பாதரசம்.

ஸ்டீராய்டு க்ரீம்கள் தோல் நோய்க்கு மருத்துவர் சில நாட்களுக்கு எழுதித் தருபவை. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பரு வரும், ரோமம் முளைக்கும். நிறுத்தினால் எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மீண்டும் பூசுவார்கள். இந்தியாவில் இந்தப் பாதிப்பு எவ்வளவு பரவலென்றால், தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காமல் கொடுக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன.

பாதரசம் அதைவிட மோசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால் முகம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேருகிறது. இதற்குத் தூரத்து உதாரணம் வேண்டாம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல். நம்மைப் போன்ற குடும்பங்கள் நிறைந்த பகுதி. அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன் நிறம் தரும் க்ரீம் பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். சிறுநீரில் புரதம் போவதும் உடம்பு வீங்குவதும் அந்த நோயின் அறிகுறிகள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது. அதே 2023-இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்திப் போலி அழகுப் பொருட்களைப் பறிமுதல் செய்தது.

இந்தியச் சட்டப்படி முகக் க்ரீமிலோ பவுடரிலோ பாதரசம் சேர்க்கக் கூடாது. தவறிக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசக் கட்டுப்பாட்டுக்கான மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் கூடி, பாதரசம் சேர்த்த எல்லா அழகுப் பொருட்களையும் 2025-க்குள் ஒழிப்பதென முடிவெடுத்தன. ஆனால் பெட்டியில் உறவினர் மடித்துக் கொண்டுவரும் எழுத்தில்லாத டப்பாவுக்கு எந்த ஒப்பந்தமும் தெரியாது.

கறுப்பு ஒரு குறையா என்று கேட்டால், மார்க்கத்தின் பதில் நேரடியானது. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சொல்கிறான் (30:22). வெள்ளையருக்குக் கறுப்பரைவிட இறையச்சத்தால் அன்றி எந்தச் சிறப்பும் இல்லை என்று இறுதிப் பேருரையில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இதை மிம்பரில் நாம் அழகாகப் பேசுகிறோம். வரன் தேடும் விண்ணப்பத்தில் 'நல்ல நிறமான பெண் தேவை' என்று எழுதிக் கையெழுத்திடுபவரும் முன் வரிசையில்தான் இருக்கிறார். இந்த விஷயத்தில் க்ரீம் கம்பெனியை மட்டும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. சென்னையில் 2009-இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் போன்றவை இதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தன. நம் வரன் விண்ணப்பங்கள் இன்னும் பெயர் மாறவில்லை.

பெண் பார்க்க வரும் நாளில் முகம் கழுவி, தன் நிறத்துக்கு ஏற்ற பவுடர் லேசாகப் பூசி வருவதில் தவறில்லை. ஆனால் இரண்டு படி நிறம் கூட்டும் ஃபவுண்டேஷன் பூசிக் காட்டுவது எதிர்த் தரப்பை ஏமாற்றுவதில் சேரும். அதைவிட, மறுநாள் காலை முகம் கழுவும்போது அந்தப் பெண்ணுக்கு ஏற்படும் நிலைமையை யோசிக்க வேண்டும்.

உளூ, நிகாஹ், நோன்பு

அலங்காரம் ஆகும். அல்லாஹ் தன் அடியார்களுக்கு அளித்த அலங்காரத்தைத் தடை செய்தது யார் என்று குர்ஆன் (7:32) கேட்கிறது. கணவனுக்காக மனைவி கன்னத்துக்குச் சிவப்பு பூசுவது பற்றி ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களிலேயே பேசப்பட்டிருக்கிறது. மனைவி தமக்காக அலங்கரிப்பதை விரும்புவது போலவே, தாமும் அவருக்காக அலங்கரித்துக்கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) கூறியது கணவன்மார்களுக்கானது. அந்நிய ஆண்களின் முன் அலங்காரத்தைக் காட்டக் கூடாது என்ற எல்லை சூரா நூரில் (24:31) இருக்கிறது. வெளியே போகும்போது வாசனை தூக்கலான பவுடரையும் இந்த எல்லைக்குள் வைத்தே பார்க்க வேண்டும்.

உளூவைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: தோலில் தண்ணீர் படுவதைத் தடுக்கும் படலம் இருக்கக் கூடாது. ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபிலும் இப்படியே. சாதாரணப் பவுடர் தண்ணீர் பட்டதும் கரைந்து போய்விடும், உளூ கூடும். மருதாணியின் நிறம் போல வெறும் நிறம் தங்கினாலும் பாதகமில்லை. வாட்டர்ப்ரூஃப் ஃபவுண்டேஷன், சிலிக்கான் ப்ரைமர், வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா, நெயில் பாலிஷ் ஆகியவை அப்படியல்ல. இவற்றை எடுக்காமல் உளூக் கூடாது. சந்தேகம் இருந்தால் கையில் பூசி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப் போல் திரண்டு உருண்டால் அது தடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மணப்பெண் விஷயம்தான் நம்மை வருத்துவது. காலை பத்து மணிக்கு பியூட்டிஷியன் வந்து உட்கார்ந்தால் இரவு வலீமா வரை முகத்தில் தண்ணீர் படாது. லுஹர், அஸர், மஃரிப் எல்லாம் போகும். நிகாஹ் என்ற வணக்கத்தின் பெயரால் மூன்று ஃபர்ளுகள்! உள்ளூர்க் கல்யாணத்துக்குப் பயணிக்கான சலுகையும் இல்லை. வழி இருக்கிறது. மேக்கப்புக்கு முன்பே முழுமையாக உளூச் செய்துவிட்டு உட்காரட்டும். உளூ முறியாத வரை அந்த மேக்கப்போடேயே தொழலாம். பூசியது நஜீஸ் இல்லையென்றால் தொழுகைக்கு ஒன்றும் ஆகாது. நிகாஹை லுஹருக்குப் பின் வைத்து, லுஹரைத் தொழுதுவிட்டு மேக்கப் தொடங்கினால் ஒரு வக்து மிச்சம். உளூ முறிந்துவிட்டால் கழுவத்தான் வேண்டும். பியூட்டிஷியனிடம் முன்பணம் கொடுக்கும்போதே, 'தண்ணீரில் போகிற பொருளை வையுங்கள், அஸருக்குப் பின் அரை மணி நேரம் திரும்பப் பூச வேண்டியிருக்கும்' என்று பேசிவிடுங்கள்.

நோன்பில் முகத்துக்குப் பவுடர் பூசினால் நோன்பு முறியாது. இஹ்ராமில் வாசனைப் பவுடர் கூடாது. கணவர் இறந்து இத்தாவில் இருக்கும் பெண் நான்கு மாதம் பத்து நாள் அலங்காரமாகப் பவுடர் பூசுவதைத் தவிர்க்க வேண்டும்.

பன்றிக் கொழுப்புக் கேள்விக்கு வருவோம். முகப்பவுடரில் ஐயத்துக்கு இடமானவை ஸ்டியரேட்டும் கார்மைனும். ஸ்டியரிக் அமிலம் பனை எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். கார்மைன் என்பது கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. ரூஜில் அதிகம், பவுடரில் குறைவு. இந்திய டப்பாக்கள் பலவற்றில் உள்ள பச்சைப் புள்ளி, விலங்குப் பொருள் இல்லை என்பதற்கான அடையாளம். வெளிநாட்டுப் பொருளில் ஹலால் முத்திரை இருந்தால் வசதி. இரண்டும் இல்லையென்றால் வதந்தியை நம்பி ஹராம் என்று முடிவு கட்டாமல், கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.

வாங்கும் முன் டப்பாவில்

தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்மானங்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் கூடுதலாக இருக்க வேண்டும். திறந்த டப்பா படத்துக்குள் '12எம்' என்று இருந்தால் திறந்து 12 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று பொருள். பட்டியலில் மெர்குரி, கேலோமெல் போன்ற சொற்கள் தென்பட்டால் தொடாதீர்கள். எழுத்தே இல்லையென்றாலும் அப்படித்தான். ஐயமான பொருள் பற்றிய புகாரைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககத்துக்கு எழுதலாம்.

அந்தத் தாயிடம் நாம் சொன்னது இது. க்ரீமை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். மகளையும் டப்பாவையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். எத்தனை மாதம் பூசினாள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் எரிச்சலைத் தணித்துப் படிப்படியாக மீட்க அவர்களுக்கு வழி தெரியும். காலையில் கண் இமையோ காலோ வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். இல்லையென்று சொன்னாலும் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். பெண் பார்க்க வருபவர்களிடம் தேதியைத் தள்ளிக் கேட்பதாக அவர் சொல்லிவிட்டுப் போனார்.